முருகனுக்குக் கீழே மாட்டிய துவக்கு

எனக்குத் துவக்கைப் பற்றித் தெரியும் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு முடிந்தது. நேரம் சரியாகத் தெரியும். பொலிஸ்காரர் கொப்பியில் எழுதினார்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. கணக்கு வராது. ஆங்கிலம் இன்றைக்கும் பாதிதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் வயதுக்காரன் எவனுக்கும் ஒரு பாடம் மட்டும் நன்றாக வரும். ரோட்டு முடக்கில் ஒருவன் நின்றால் முகத்தைப் பார்க்கமாட்டோம். கையில் இருப்பதைத்தான் பார்ப்போம். கறுப்பாக, கைபிடி தனியாகத் தொங்கினால் அது சண்டைத் துவக்கு. சைக்கிளைத் திருப்ப வேண்டும். நீளமாக, மரம் பளபளவென்று இருந்தால் அது பன்றி சுடுகிற காணிக்காரரின் துவக்கு. அரசாங்கக் கச்சேரியில் அனுமதிப் பத்திரம் எடுத்திருப்பார். வணக்கம் சொல்லிவிட்டுப் போகலாம். பாடம் இவ்வளவுதான். (பரீட்சை மட்டும் ஒவ்வொரு நாளும்.)

இந்தப் படிப்போடு லண்டன் வந்து, கிங்ஸ்பரியில் வீடு எடுத்து, ஒரு பழைய வான் வாங்கினேன். ஆட்கள் செத்த வீடுகளை வெறுமையாக்கிக் கொடுப்பது தொழில். கிழவர் ஒருவர் சாவார். உறவுக்காரர் வந்து நல்ல சாமான்களை எடுப்பார்கள். மிச்சத்தை எடுக்க நான் போவேன். அலுமாரி, கட்டில், பல் செட்டு. ஒருவருக்கும் வேண்டாததை வேண்டியவன் நான். மரியாதையான தொழில்.

அந்த வருடம் என் தங்கச்சி சுகந்திக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு சம்பந்தம் வந்து போயிருந்தது. ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவளின் உயரம் கூட என்றார்கள். மற்றவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்கள்தான், அதன் பிறகு போனையே எடுக்கவில்லை. மூன்றாவதாக ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை பிரதீபன், பஸ் கம்பனியில் வேலை. தகப்பன் நடராசா. பரிஸில் இருபது வருடம் இருந்து, கடை நடத்தி, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும் என்று லண்டனுக்கு மாறி வந்தவர்.

சுகந்தி என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அண்ணை, இதுதான் கடைசித் தேத்தண்ணி. இதுவும் சரிவராட்டி இனி ஒருத்தருக்கும் தட்டம் ஏந்தமாட்டன். பிறகு என்னைக் கேக்கக் கூடாது.”

“சரிவரும்,” என்றேன்.

“நீங்கள் ஒண்டும் செய்யாமல் இருந்தாச் சரிவரும்.”

(அவளுக்கு என்னைத் தெரியும். இருந்தும் பாருங்கள், காவலுக்கு ஆள் வைக்கவில்லை.)

சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை நான் ஒரு செத்த வீட்டில் நின்றேன். தனியாளாக இருந்த கிழவர். மருமகன் முறையான ஒருவர் திறப்பைத் தந்து, “எல்லாவற்றையும் எடு. வெறும் வீடு மட்டும் எனக்கு வேண்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மேல் அறையில் ஒரு இரும்புப் பெட்டி, பூட்டுத் திறந்தபடி. உள்ளே ஒரு துவக்கு. கறுப்பு. கைபிடி தொங்கியது.

பெட்டியின் கதவைச் சாத்தினேன். திரும்பத் திறந்தேன். அங்கேயே இருந்தது.

பிறகு கட்டிலைக் கழற்றினேன். மெத்தைக்குக் கீழே, கம்பளியில் சுற்றி இன்னொன்று. இது வேறு சாதி. பழுப்பு மரம், தேன் பூசியது போல. பக்கத்துத் தகட்டில் ஒரு மான் செதுக்கியிருந்தது. மானின் கண்ணைக்கூட விடவில்லை. எடுத்துப் பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன். தோட்டா இல்லை. ஆகா, என்ன சாமான் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒருவன் இரும்புப் பெட்டியில் வைத்ததைவிட மெத்தைக்குக் கீழே ஒளித்து வைத்ததுதான் ஆபத்தானது என்று யோசிக்க ஒன்பதாம் வகுப்பு வேண்டும் போல. எனக்கு மூளை ஓடவில்லை. கறுப்பு கூடாதது, மரம் நல்லது. பாடம் அப்படி.

கூடாததைப் பழைய கார்ப்பெட்டில் சுற்றி வானின் அடியில் போட்டேன். திங்கட்கிழமை ஆறுதலாகப் பொலிஸில் கொடுக்கலாம் என்பது திட்டம். நல்லதை வீட்டுக்குக் கொண்டுபோய் முன் ஹோலில் மாட்டினேன்.

ஏன் மாட்டினேன்? நடராசா பெரிய மனிதர். எங்கள் ஹோலில் முருகன் படமும் ஒரு மணிக்கூடும்தான் இருந்தன. மணிக்கூடும் ஓடாது. சுவர் வெறுமையாக இருந்தால் ஆட்களும் வெறுமை என்று நினைப்பார்கள். ஆகவே முருகனுக்குக் கீழே இரண்டு ஆணி அடித்து, துவக்கைத் துடைத்து, எண்ணெய் பூசி, மானை வெளிப்பக்கம் வைத்து மாட்டினேன். முருகனும் வேலோடுதானே நிற்கிறார். பொருத்தமாக இருந்தது.

என் மனைவி கமலா பார்த்தாள்.

“உது என்ன?”

“வேட்டைத் துவக்கு. அலங்காரம். ஒண்டும் செய்யாது.”

“பத்திரம் ஏதும் வேண்டாமோ?”

“உதுக்கு என்ன பத்திரம்? மான் படம் கீறியிருக்கு, தெரியேல்லையே?”

கமலா பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவள். ஆனாலும் மானை இன்னொரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை காலை. வடைக்கு உளுந்து அரைத்தாயிற்று. மடக்குக் கதிரை எடுக்கக் கமலா வானுக்குப் போனாள். போன கையோடு திரும்பி வந்தாள். கதிரை இல்லை. முகத்தில் இரத்தமும் இல்லை.

“வானுக்குள்ள கார்ப்பெட்டில சுத்தி என்ன கிடக்கு?”

“அது திங்கட்கிழமை...”

“திங்கட்கிழமையோ? இண்டைக்குச் சம்பந்தம் பேச ஆக்கள் வருகினம். வாசலில ஆமித் துவக்கை வைச்சுக்கொண்டு நான் வடை சுடுறதோ? இப்பவே கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ. பன்னிரண்டு மணிக்கு முதல் நிக்கவேணும்.”

போனேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

பொலிஸ் நிலையத்துக்குள் கார்ப்பெட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நுழைந்தேன். கவுண்டரில் வைத்தேன். ஒரு பக்கத்தை விரித்தேன். குழாய் தெரிந்தது. பிறகு இரண்டடி பின்னால் போய் இரண்டு கையையும் மேலே தூக்கினேன்.

ஒருவரும் தூக்கச் சொல்லவில்லை. பழக்கம்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அதுவரை ஒன்றும் விளங்கவில்லை. என் கையைப் பார்த்த பிறகுதான் பயந்தார். உள்ளேயிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அதில் ஒருவர் வயதானவர், பெரிய மீசை. துவக்குப் பத்திரம் பார்க்கும் பிரிவுக்காரர் என்று பிறகு தெரிந்தது. சனிக்கிழமையில் அவருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். என் ராசி.

“கையைக் கீழே போடுங்கள்,” என்றார்.

போட்டேன்.

மீசைக்காரர் கறுப்பை எடுத்து, திறந்து, உள்ளே பார்த்து, சிரித்தார். எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொண்டுவந்த சாமான் அது.

“இது சின்னத் தோட்டா போடுவது,” என்றார். “முயல் சுடலாம். தகரக் குறி சுடலாம். ராணுவத் துவக்கு மாதிரி உடுப்புப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். பத்திரம் இருந்தால் வைத்திருக்கலாம்.” யாருக்கோ போன் செய்தார். செத்த கிழவருக்கு இதற்குப் பத்திரம் இருந்தது என்று தெரிய வந்தது. “ஆனால் உங்களிடம் இல்லை. இதைத் தொடாமல் அங்கிருந்தே எங்களுக்குப் போன் செய்திருக்க வேண்டும்.”

“சொரி சேர்,” என்றேன்.

“பரவாயில்லை. இந்த மாதம் யார் துவக்கைக் கொண்டுவந்து ஒப்படைத்தாலும், வைத்திருந்ததற்கு வழக்கில்லை.” சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினார். பெரிய எழுத்து. நான் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தேன்.

இந்த இடத்தில் நான் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கதை முடிந்திருக்கும். மணி பதினொன்றரை. அவர் சும்மா, பேனையை மூடிக்கொண்டே, “வேறு ஏதும் இருந்ததா?” என்று கேட்டார்.

பொய் சொல்லக் கூடாது. அதைவிட, நான் எவ்வளவு நேர்மையான ஆள் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

“யெஸ் சேர். ஒன் மோர். பட் குட் ஒன்.”

“குட் ஒன்?”

“வெரி குட். ஹண்டிங். வூட். டியர் பிக்சர்.” தலையில் கையை வைத்து மான் கொம்பு காட்டினேன். “மை ஹவுஸ். ஓன் த வோல்.”

அவர் பேனையைத் திரும்பத் திறந்தார்.

“அது எப்படிச் சுடும்?”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்த நாட்டில் என்னிடம் ஒருவர் தொழில்நுட்பம் கேட்டது அதுதான் முதல் தடவை. கையில் துவக்கு இருப்பது போல நின்று காட்டினேன். “டக். டக். டக்.”

“ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவில் கையால் என்ன செய்ய வேண்டும்?”

“நத்திங் சேர்,” என்றேன் பெருமையாக. “ஓட்டோமெற்றிக். குட் குவாலிட்டி.”

மீசைக்காரர் பேனையை மேசையில் வைத்தார். மெதுவாக வைத்தார்.

பிறகு அவர் எனக்குப் பாடம் எடுத்தார். பொறுமையான மனிதர். இந்த நாட்டில் துவக்கை முகத்தைப் பார்த்துப் பிரிப்பதில்லை. என்ன தோட்டா போடுகிறது, ஒரு வெடிக்குப் பிறகு அடுத்த தோட்டா தானாக ஏறுமா, கையால் ஏற்ற வேண்டுமா, இதைத்தான் சட்டம் கேட்கும். சின்னத் தோட்டா தானாக ஏறினால் பத்திரத்தோடு வைக்கலாம். பெரிய தோட்டா தானாக ஏறினால் சாதாரண ஆள் ஒருவரும் வைக்க முடியாது. மரம் போட்டாலும் முடியாது. மான் செதுக்கினாலும் முடியாது. ராணுவத்துக்குச் செய்த துவக்கின் வயிற்றை எடுத்து, வேட்டைக்காரருக்கு விற்க மர உடுப்புப் போட்டு விடுவார்களாம். என் சுவரில் தொங்குவது அந்த வகையாக இருக்க வேண்டும் என்றார். அதைத் தடை செய்தபோது கிழவர் ஒப்படைக்காமல் மெத்தைக்குக் கீழே வைத்துவிட்டார்.

சுருக்கமாக: முயல் துவக்குக்கு ஆமி உடுப்பு. ஆமித் துவக்குக்கு வேட்டை உடுப்பு. நான் முயலைப் பொலிஸில் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஆமியை முருகனுக்குக் கீழே மாட்டியிருந்தேன்.

“எத்தனை வருடம்?” என்று கேட்டேன்.

“இந்த மாதம் இல்லாவிட்டால், ஐந்துக்குக் குறையாது.”

நான் நினைத்தது ஐந்து வருடத்தை அல்ல. சுகந்தியின் தட்டத்தை.

“சேர், நாலு மணிக்கு வர ஏலுமா? வீட்டில் விருந்தினர்.”

“இல்லை.”

“யூனிபோர்ம் இல்லாமல்?”

“இல்லை.”

போன் செய்ய விட்டார்கள். கமலா எடுத்தாள். நான் வாய் திறக்க முதல் தொடங்கினாள்.

“எங்க நிக்கிறியள்? அவை நேரத்தோட வந்திட்டினம். நல்ல சனம். நடராசா அண்ணைக்கு உங்கட துவக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு. கழட்டிப் பாக்கிறார்.”

“கமலா, அதைத் தொடவேண்டாமெண்டு சொல்லு.”

“நான் எப்பிடிச் சொல்லுறது? மாப்பிள்ளையின்ர தகப்பன். ஒண்டும் செய்யாதெண்டு நீங்கள்தானே சொன்னியள்?”

“நான் சொன்னது பிழை.”

“என்ன? கேக்கேல்லை. கெதியா வாங்கோ.” வைத்துவிட்டாள். (கல்யாணமாகிப் பத்து வருடத்தில் நான் பிழை என்று ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.)

மீசைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். “என்ன?”

“ஒன் மேன் ஹோல்டிங், சேர்.”

அதன் பிறகு எல்லோரும் வேகமாக நடந்தார்கள்.

எங்கள் வீதியில் பொலிஸ் வான் வந்து நின்றது. எதிர் வீட்டுத் திரைச்சீலை ஆடியது. அதன் பக்கத்து வீட்டிலும் ஆடியது. என்னிடம் திறப்பை வாங்கி, என்னைப் பின்னால் விட்டு, மீசைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் கதவைத் திறந்தார்கள்.

முன் ஹோல். முருகன் படத்துக்குக் கீழே நடராசா நின்றார். கோட், டை. ஒரு காலை முன்னுக்கு வைத்து, துவக்கை மார்புக்குக் குறுக்கே பிடித்து, நாடியைத் தூக்கியபடி. அவர் மனைவி கமராவோடு எதிரே. பிரதீபன் கதிரையில். கமலா வடைத் தட்டோடு. குசினி வாசலில் சுகந்தி, நீலச் சேலை, கையில் தேத்தண்ணித் தட்டம்.

“கொஞ்சம் இடப்பக்கம் திரும்புங்கோ,” என்றார் அந்த அம்மா. கமரா மின்னியது.

அந்த மின்னலில்தான் அவர்கள் பொலிஸைக் கண்டார்கள்.

“அதைக் கீழே வை!” என்றார் ஒரு பொலிஸ்காரர்.

நடராசா வைக்கவில்லை. பிடித்தபடி கல்லாகிவிட்டார். அப்போதுதான் பிரதீபன் கதிரையிலிருந்து எழும்பாமல், குரலை உயர்த்தாமல் பேசினான். முதலில் பொலிஸுக்கு ஆங்கிலத்தில்: உள்ளே தோட்டா இல்லை, இவர் என் தகப்பன், இப்போது மேசையில் வைப்பார். பிறகு தமிழில்:

“அப்பா, ஒண்டும் கதைக்காதேங்கோ. மெல்லக் குனிஞ்சு, மேசையில வையுங்கோ. வடைத் தட்டுக்கு இஞ்சால. ஓம். இனிக் கையை விடுங்கோ.”

வைத்தார். கையை விட்டார். விட்ட கை நேரே மேலே போனது.

கமலாவின் கையும் போனது. மாப்பிள்ளையின் தாயின் கை, கமராவோடு போனது. வாசலில் நின்ற என்னுடையதும் போனது. ஹோல் முழுக்கக் கைகள். ஒருவரும் தூக்கச் சொல்லவில்லை. பரிஸில் இருபது வருடம் இருந்தாலும் கை மறக்கவில்லை.

தூக்காதவர்கள் இரண்டு பேர். பிரதீபன் ஒன்று. சுகந்தி மற்றது, தட்டத்தை விட முடியாது.

மீசைக்காரர் சுற்றிப் பார்த்தார். “ஏன் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள்? தயவுசெய்து இறக்குங்கள்,” என்றார். அவர் குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் கவலை இருந்தது.

துவக்கைத் திறந்து பார்த்தார். நினைத்தது சரி என்று தலையை ஆட்டினார். கொப்பியில் நேரம் எழுதினார். நடராசாவுக்கு அதற்குள் உயிர் வந்துவிட்டது.

“பிரான்சில இதைப் பத்திரத்தோட வைச்சிருக்கலாம்! என்ர பழைய முதலாளி இப்பிடி ஒண்டோடதான் பன்றிக்குப் போறவர்!”

பிரதீபன் மொழிபெயர்த்தான்.

“அப்படியென்றால் படத்தையும் பிரான்சில் எடுத்திருக்கலாம்,” என்றார் மீசைக்காரர்.

பிரதீபன் அதை மொழிபெயர்க்கவில்லை. நல்ல பிள்ளை.

பெயர் விலாசம் எல்லாம் எழுதினார்கள். நடராசாவின் பெயரையும் எழுதினார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கோட்டை இழுத்துவிட்டார்.

“இருபது வருஷம் பரிஸில ஒரு பொலிஸ்காரன் என்ர பேரை எழுதினதில்லை. பெண் பாக்க வந்த வீட்டில எழுதுவிச்சுப் போட்டாங்கள். எழும்புங்கோ, போவம்.”

அவர் மனைவி எழும்பினார். கமலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கும் பத்திரம் தேவை. நான் தரையைப் பார்த்தேன். கார்ப்பெட்டில் வடை ஒன்று கிடந்தது.

சுகந்தி இன்னும் அதே இடத்தில் நின்றாள். தட்டம் ஆடவில்லை. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. மூன்றாவது. கடைசி.

பிரதீபன் எழும்பவில்லை.

“அப்பா, நான் இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை,” என்றான்.

“வீட்டை போய்க் குடிக்கலாம்.”

“வீட்டை இருக்கிறது வேற தேத்தண்ணி.”

சுகந்தி நடந்து வந்தாள். முதல் கோப்பை மாப்பிள்ளையின் தகப்பனுக்குப் போக வேண்டும். அதுதான் முறை. அவள் நேராக மீசைக்காரரிடம் போனாள். “சீனி போட்டிருக்கு,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் திகைத்து, துவக்கை மற்றவரிடம் கொடுத்துவிட்டு, கோப்பையை வாங்கினார். இரண்டாவதைப் பிரதீபனுக்குக் கொடுத்தாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். உயரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பொலிஸ்காரர் தேத்தண்ணி குடிக்கும்போது தான் மட்டும் வெளியேறுவது அழகில்லை என்று நடராசாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இருந்தார். மூன்றாவது கோப்பை அவருக்கு.

என்னை அதன் பிறகு இரண்டு மணிநேரம் வைத்து விசாரித்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மேற்கொண்டு நடவடிக்கை இல்லை. கடைசி வரியில், இனி இப்படி ஏதும் கண்டால் தொடாமல் போன் செய்யும்படி அன்பாகக் கேட்டிருந்தார்கள். கமலா அதைச் சட்டம் போட்டு அந்த இரண்டு ஆணியில் மாட்டினாள். சுவர் வெறுமையாக இருக்கக் கூடாதாம்.

சுகந்தியின் கல்யாணம் அடுத்த ஆவணியில் நடந்தது. அல்பத்தின் முதல் பக்கத்தில் தாலி கட்டும் படம் இல்லை. நடராசா துவக்கோடு நிற்கும் படம். பின்னால் முருகன். கதவோரம், மங்கலாக, ஒரு மீசை. “இவரில்லாட்டி எனக்கு உங்களைத் தெரிஞ்சிருக்காது” என்று புருஷனிடம் சுகந்தி சொல்லுவாள். மீசையைச் சொல்கிறாளா மாமனாரைச் சொல்கிறாளா என்று நான் கேட்டதில்லை. என்னைச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

நடராசா இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை. பேரப்பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கதைத்தார். “துவக்கு கிவக்கு ஒண்டும் கொண்டு வரேல்லையே?” என்றார். பையைத் திறந்து காட்டினேன். பால்மா.

இப்போது அந்தப் பேரப்பிள்ளை பெரிய வகுப்புப் படிக்கிறாள். போன ஞாயிறு எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டோம். துப்புரவாக்கிய வீட்டிலிருந்து ஒரு மின்சார இட்டலிச் சட்டி கொண்டு வந்திருந்தேன். புதுசு மாதிரி. மேசையில் வைத்துப் பிளக்கைச் செருகினேன்.

“நல்ல சாமான்,” என்றேன். “ஒண்டும் செய்யாது.”

மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் இரண்டு கையையும் மேலே தூக்கினார்கள். சுகந்தி, பிரதீபன், பிள்ளைகள், கமலா கரண்டியோடு. முதலில் தூக்கியவர் சம்பந்தி நடராசா. எண்பது வயது, தோள் வருத்தம், கை காதுக்கு மேலே போகாது என்று டொக்டர் சொன்னவர்.

முழுதாகத் தூக்கினார்.

நான் பிளக்கைக் கழற்றினேன்.